பழைய வளாகத்தில் புதிய வகுப்பறை

உங்கள் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிக்குப் பக்கத்தில் புதிய கட்டடம் எழும்பியதைப் பார்த்திருப்பீர்கள். தாத்தா காலத்து மாரியம்மன் கோயிலுக்கு முன்னால் புதிதாக மண்டபம் போட்டதையும் பார்த்திருப்பீர்கள். சில இடங்களில் புதியது பழையதோடு ஒட்டி நிற்கும். அக்காளுக்குப் பக்கத்தில் தங்கை நிற்பதுபோல் இருக்கும். வேறு சில இடங்களில், விருந்துக்கு வந்தவர் வீட்டுக்காரரை எழுப்பிவிட்டு அவருடைய நாற்காலியில் உட்கார்ந்துகொண்டது போல் இருக்கும். சிமெண்டும் செங்கல்லும் இரண்டு இடத்திலும் ஒன்றுதான். பிறகு ஏன் இந்த வேறுபாடு?

இந்தக் கேள்வி சின்னப் பள்ளிக்கூடத்துக்கும் உண்டு. பெரிய பல்கலைக்கழகத்துக்கும் உண்டு. வரலாறு படைத்த ஒரு பல்கலைக்கழக வளாகத்தில் இந்தக் காலத்துக்கு ஏற்ற வகுப்பறைக் கட்டடத்தை எப்படி எழுப்புவது? இதற்கு விடை தேட நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. சிங்கப்பூரின் மேற்குப் பக்கம், ஜூரோங்கில் இருக்கும் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக்குப் போய் வந்தால் போதும்.

"பல்கலைக்கழகக் கட்டடத்தைப் பற்றி நமக்கென்ன?" என்று கேட்டுவிடாதீர்கள். அந்த வகுப்பறையில் நாளை உட்காரப் போவது உங்கள் பிள்ளையாக இருக்கலாம். குடும்பத்திலேயே முதன்முதலாகப் பல்கலைக்கழகப் படியேறும் பிள்ளைக்கு, "நீ இங்கே இருக்க வேண்டியவள்தான், வா, உட்கார்" என்று சொல்வதும் கட்டடம்தான், "உனக்கு இங்கே என்ன வேலை?" என்று விரட்டுவதும் கட்டடம்தான்.

காசு கொடுத்தவர்கள் யார்?

முதலில் அந்த மண்ணின் கதையைத் தெரிந்துகொள்வோம்.

சீனமொழிப் பள்ளிகளில் படித்து முடித்த பிள்ளைகளுக்கு அந்நாளில் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் மேற்படிப்புக்கு வழியில்லை. 1949-இல் சீனாவில் ஆட்சி மாறியது. அதன்பின் அங்கே படிக்கப் போனவர்கள் திரும்பி வருவதும் பெரும்பாடாயிற்று. இந்த நிலையில்தான், 1953-ஆம் ஆண்டு ஜனவரி மாதம், டான் லார்க் சை என்பவர் "நமக்கென்று ஒரு பல்கலைக்கழகம் வேண்டும்" என்ற யோசனையை முன்வைத்தார். அவர் சிங்கப்பூர் ஹொக்கியன் சங்கத்தின் தலைவர். ரப்பர் வணிகத்தில் பெரும் பொருள் ஈட்டியவர். ஐம்பது லட்சம் வெள்ளி தருவதாக அவரே அறிவித்தார். சங்கம் ஜூரோங்கில் 523 ஏக்கர் நிலத்தைக் கொடுத்தது.

செல்வர்கள் கொடுத்தது ஒரு பங்கு. மற்றொரு பங்கை யார் கொடுத்தார்கள் தெரியுமா? டிரைஷா மிதித்தவர்கள். ஒரு நாள் முழுக்க மிதித்துக் கிடைத்த கூலியை அப்படியே பல்கலைக்கழக நிதிக்குக் கொடுத்தார்கள். வாடகைக்கார் ஓட்டுநர்கள் கொடுத்தார்கள். முடிதிருத்துவோர் கொடுத்தார்கள். நடன மண்டபங்களில் ஆடிப் பிழைத்த பெண்களும் கொடுத்தார்கள். கொடுத்தவர்களில் எத்தனையோ பேர் பள்ளிக்கூட வாசலையே மிதிக்காதவர்கள். தான் படிக்காத படிப்பை ஊரார் பிள்ளை படிக்கட்டும் என்று கொடுத்த காசு அது.

இதே காலத்தில் நம்மவர்களும் சும்மா இருக்கவில்லை. மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறை அமையவிருந்தபோது, அங்கே தமிழுக்கு உரிய இடம் வேண்டும் என்று தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி குரல் கொடுத்தார். "தமிழ் எங்கள் உயிர்" என்ற பெயரில் நிதி திரட்டினார். ஆளுக்கு ஒரு வெள்ளி என்று உழைப்பாளிகள் கொடுத்தார்கள். அத்துறைக்குத் தமிழ் நூலகம் அமைய அந்தப் பணம் உதவியது. ஆகவே, டிரைஷாக்காரரின் காசுக்கு என்ன மதிப்பு என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

1956-ஆம் ஆண்டு மார்ச் 15-ஆம் நாள் நன்யாங் பல்கலைக்கழகத்தில் வகுப்புகள் தொடங்கின. 1958 மார்ச் 30-இல் திறப்புவிழா நடந்தது. 1960-இல் முதல் பட்டதாரிகள் வெளிவந்தார்கள். ஆனால் அரசாங்கம் அந்தப் பட்டத்தை ஏற்றுக்கொள்ள 1968 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பன்னிரண்டு ஆண்டுகளில், 1980-இல், நன்யாங் பல்கலைக்கழகம் சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பட்டது. பழைய பெயர் மறைந்தது. 1981-இல் அதே நிலத்தில் நன்யாங் தொழில்நுட்பக் கழகம் தொடங்கியது. 1991-இல் அது நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் ஆனது. தேசியக் கல்விக் கழகமும் அதன் பகுதியே. சிங்கப்பூரின் தமிழாசிரியர்கள் பயிற்சி பெறுவது அங்கேதான்.

இப்படிப்பட்ட மண்ணில் புதிய கட்டடம் கட்டுவதென்றால் சும்மாவா? ஒவ்வொரு தூணையும், கொடுத்தவர்களின் பேரப்பிள்ளைகள் உற்றுப் பார்ப்பார்கள்.

பழையதும் ஒரு நாள் புதியதுதான்

வளாகத்தின் பழைய அடையாளங்களில் மூன்று 1998-இல் தேசிய நினைவுச் சின்னங்களாக அறிவிக்கப்பட்டன. ஒன்று, சீனப் பாணிக் கூரையோடு கம்பீரமாக நிற்கும் பழைய நிர்வாகக் கட்டடம். அதில் 1995 முதல் சீன மரபுடைமை நிலையம் இயங்கி வருகிறது. மற்றவை நினைவுத் தூணும் நுழைவாயில் தோரணமும்.

நிர்வாகக் கட்டடத்தை வடிவமைத்தவர் இங் கெங் சியாங். இதே மனிதர் இதே ஆண்டுகளில் சிங்கப்பூர் நகரில் ஏசியா இன்சூரன்ஸ் கட்டடத்தையும் கட்டினார். அது அந்நாளில் வானைத் தொட்ட நவீன அடுக்குமாடி. நகரத்தில் நவீனமாகக் கட்டத் தெரிந்தவர், ஜூரோங் குன்றில் மட்டும் ஏன் சீனக் கூரை போட்டார்? அந்த இடம் அதைக் கேட்டது. தங்கள் மொழிக்கு ஒரு வீடு வேண்டும் என்று காசு கொடுத்தவர்கள், தூரத்திலிருந்து பார்த்ததுமே "இது நம்முடையது" என்று அறிய வேண்டும். கூரை அவர்களோடு பேசியது.

இதில் ஒரு பாடம் இருக்கிறது. இடத்துக்குப் பொருந்துகிற கட்டடம் வேண்டுமென்றால், கட்டுபவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "இங்கே வந்து போகப்போகிறவர்கள் யார்? அவர்களிடம் இந்தக் கட்டடம் என்ன சொல்ல வேண்டும்?" என்பதே.

இதைக் கேட்காதவர்கள் இரண்டில் ஒரு பள்ளத்தில் விழுகிறார்கள். சிலர் பழைய கூரையை அப்படியே நகல் எடுத்துப் புதிய கட்டடத்தின் தலையில் தொப்பி போல் கவிழ்த்துவிடுகிறார்கள். உள்ளே போனால் வெளிச்சம் இல்லை, காற்று இல்லை. வேறு சிலர் எந்த ஊரிலும் நிற்கக்கூடிய ஒரு கண்ணாடிப் பெட்டியைக் கொண்டுவந்து இறக்கிவிடுகிறார்கள். நம் வெயிலில் அது அடுப்பாகிவிடும்; பிறகு அதைக் குளிர வைக்க மின்சாரத்தைக் கொட்ட வேண்டும். நன்யாங்கில் வந்த கட்டடக் கலைஞர்கள் இந்த இரண்டு பள்ளத்துக்கும் நடுவே எப்படி வழி கண்டார்கள் என்று பாருங்கள்.

மேட்டை ஒட்டிய முதுகெலும்பு

1980-களில் தொழில்நுட்பக் கழகத்துக்குப் பெரிய கட்டடத் தொகுதி தேவைப்பட்டது. அதை வடிவமைக்க வந்தவர் ஜப்பானின் கென்சோ டாங்கே. ஹிரோஷிமாவின் அமைதி நினைவு அரும்பொருளகத்தைக் கட்டியவர் இவர்தான். ஜூரோங் வளாகம் மேடும் பள்ளமுமான நிலம். நம் தோட்டங்களில் மேட்டு நிரையும் பள்ளத்து நிரையும் இருப்பது போன்றது என்று வைத்துக்கொள்ளுங்கள். டாங்கே மேட்டை வெட்டிச் சமப்படுத்திவிடவில்லை. மேட்டுப்பகுதியை ஒட்டியே கட்டடங்களை நீளமாகக் கோத்தார். 1986-இல் பணி முடிந்தது. "வடக்கு முதுகெலும்பு" என்றுதான் அதற்குப் பெயர். மழை கொட்டினாலும் ஒரு வகுப்பிலிருந்து இன்னொரு வகுப்புக்குக் கூரைக்கடியிலேயே நடந்து போகலாம். அடிக்கடி மழை பெய்யும் நாட்டில் இது எவ்வளவு பெரிய வசதி என்பதை, விடியற்காலை மழையைப் பார்த்து "இன்றைக்குப் பால்வெட்டு உண்டா இல்லையா" என்று காத்திருந்த குடும்பங்கள் அறியும்.

புல் போர்த்திய கூரை

2006-இல் கலை, வடிவமைப்பு, ஊடகப் பள்ளிக்கு ஒரு கட்டடம் எழுந்தது. அதற்குக் கிடைத்த இடம் மரங்கள் அடர்ந்த ஒரு பள்ளத்தாக்கு. வளாகத் திட்டத்தில், "இதைப் பசுமையாகவே விட்டுவைக்க வேண்டும்" என்று குறித்திருந்த இடம் அது. கட்டடமும் வேண்டும், பசுமையும் போகக்கூடாது. என்ன செய்வது?

சிபிஜி என்ற சிங்கப்பூர் நிறுவனத்தின் வடிவமைப்பாளர்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். தரையே மெல்ல எழுந்து கூரையாகிவிட்டது போல், வளைந்து சரியும் இரண்டு பெரிய கூரைகளை அமைத்து அவற்றின் மேல் புல் வளர்த்தார்கள். ஐந்து மாடிக் கட்டடம் அது. ஆனால் தள்ளி நின்று பார்த்தால் புல்வெளி எழுந்து நிற்பது போலத்தான் தோன்றும். மாணவர்கள் அந்தக் கூரை மேலேயே ஏறி நடக்கிறார்கள்; மாலையில் உட்கார்ந்து பேசுகிறார்கள். புல்லும் மண்ணும் வெயிலைத் தடுப்பதால் உள்ளே சூடு குறைகிறது. கூரையில் விழும் மழைநீரைச் சேர்த்து அந்தப் புல்லுக்கே பாய்ச்சுகிறார்கள்.

தகரக் கூரைக்குக் கீழே நண்பகலில் படுத்துப் பார்த்தவர்களுக்கு இதன் அருமையைச் சொல்லி விளக்க வேண்டுமா?

மூலை இல்லாத வகுப்பறை

இனி, இக்கட்டுரையின் நாயகனுக்கு வருவோம். 2015-ஆம் ஆண்டு மார்ச் மாதம் திறக்கப்பட்ட வகுப்பறைக் கட்டடம் அது. இன்று "ஹைவ்", அதாவது தேன்கூடு, என்று அழைக்கப்படுகிறது. வடிவம் கொடுத்தவர் இங்கிலாந்தின் தாமஸ் ஹெதர்விக். சிபிஜி நிறுவனமும் உடன் சேர்ந்து கட்டியது.

பன்னிரண்டு கோபுரங்கள் வட்டமாகக் கூடி நிற்கின்றன. ஒவ்வொன்றும் கீழே ஒடுங்கி மேலே அகன்றிருக்கிறது. எட்டு மாடி. ஐம்பத்தாறு வகுப்பறைகள். சிங்கப்பூர்க்காரர்கள் பார்த்ததும் சிரித்துவிட்டார்கள். "டிம் சம் கூடைகளை அடுக்கி வைத்தது போலிருக்கிறதே!" என்றார்கள். இட்லிக் கொப்பரைத் தட்டுகளை அடுக்கியது போல என்றும் நாம் சொல்லலாம்.

சிரிப்பு ஒரு பக்கம் இருக்கட்டும். வகுப்பறைக்குள் போய்ப் பாருங்கள். மூலையே கிடையாது, அறைகளெல்லாம் வளைந்தவை. முன்வரிசை, பின்வரிசை என்பதும் இல்லை. ஆசிரியர் ஒரு கோடியில் உயரமாக நின்று பேச, மாணவர்கள் வரிசையாகக் கீழே உட்கார்ந்து எழுதும் ஏற்பாட்டையே மாற்றிவிட்டார்கள். மேசைகளைச் சுற்றிக் குழுவாக உட்கார்ந்து பேசிப் படிக்கிறார்கள்; ஆசிரியர் அவர்களுக்கு நடுவே நடந்து வருகிறார்.

ஏன் இப்படி? பாடத்தை இந்நாளில் கணினியிலேயே வீட்டிலிருந்து படித்துவிடலாம். அப்படியிருக்க, மாணவன் பல்கலைக்கழகத்துக்கு எதற்காக வர வேண்டும்? மற்றவர்களைச் சந்திக்க, வாதாட, சேர்ந்து சிந்திக்க. அதற்குத் தோதான கூடு வேண்டும் என்பதே வடிவமைப்பாளரின் எண்ணம்.

நம் பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள். லயத்து வீட்டிலிருந்து போகிற பிள்ளை வகுப்பறையில் முதல் நாள் எங்கே போய் உட்காரும்? பின்வரிசை மூலையில்தான். கேள்வி கேட்டால் மற்றவர்கள் சிரிப்பார்களோ என்ற அச்சம். தன் ஆங்கிலம் சரியில்லையோ என்ற கூச்சம். ஒதுங்க மூலை இருந்தால் அதில் ஒதுங்கியே நான்கு வருடமும் போய்விடும். மூலையே இல்லாத அறையில் எல்லாரும் எல்லாருடைய முகத்தையும் பார்த்துத்தான் ஆக வேண்டும். கூச்சம் ஒரே நாளில் போகாது. ஆனால் ஒளிந்துகொள்ள இடமில்லை.

எல்லாப் பாடத்துக்கும் இந்த அறை ஒத்துவரும் என்று சொல்லவில்லை. முந்நூறு பேர் கேட்கும் விரிவுரைக்குப் பெரிய மண்டபம் வேண்டும். தேர்வு எழுத வரிசையும் வேண்டும். ஆனாலும் கலந்து பேசிப் படிக்கும் படிப்புக்கு இது நல்ல இடம்.

காற்றுக்கு வருவோம். பன்னிரண்டு கோபுரங்களையும் ஒட்டாமல் இடைவெளி விட்டு நிறுத்தியிருக்கிறார்கள். அந்த இடைவெளி வழியாகக் காற்று நடுமுற்றத்துக்குள் வந்து போகிறது. முற்றத்துக்குக் குளிர்சாதனமே இல்லை. வகுப்பறைக்குள் மின்விசிறியின் இரைச்சல் கிடையாது. குளிர்ந்த நீர் ஓடும் உலோகக் குழாய்களைத் தொட்டுக் குளிர்ந்த காற்று தானாகவே கீழே இறங்கிப் பரவுகிறது. குளிர்ந்த காற்று கனமானது, சூடான காற்று இலேசானது என்ற பழைய பாடம்தான் இங்கே வேலை செய்கிறது.

நடுவில் முற்றம், சுற்றிலும் அறைகள் என்பது நமக்குப் புதிதல்ல. முற்றம் வைத்த வீட்டின் குளுமையை நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருப்போம்.

பொருளைப் பாருங்கள். கட்டடம் முழுக்கக் கான்கிரீட். கான்கிரீட் என்றால் முரட்டுச் சாம்பல் சுவர்தானே என்று எண்ணுவோம். இங்கே அதைக் குயவர் மண்ணைப் பிசைவது போல் பிசைந்திருக்கிறார்கள். சாய்ந்து நிற்கும் 61 தூண்களிலும் அலை அலையான வரிகள். மாடிப்படிச் சுவர்களில் சாரா ஃபனெலி என்ற ஓவியர் வரைந்த எழுநூறு படங்கள் பதிந்திருக்கின்றன. வெளிச்சுவரின் வளைந்த பலகைகளை வார்க்க, மாற்றி மாற்றிப் பயன்படுத்தக்கூடிய பத்தே அச்சுகள் போதுமாயிருந்தன. வேலைப்பாடு தெரிகிறது, வீண் செலவு இல்லை.

மரத்தால் ஒரு மாளிகை

2023-இல் வணிகப் பள்ளிக்காக இன்னொரு கட்டடம் திறக்கப்பட்டது. "காயா" என்பது அதன் பெயர். ஜப்பானின் டோயோ இட்டோ வடிவமைத்தது. ஆறு மாடி, பெரும்பகுதி மரம். தூணும் உத்தரமும் வண்ணம் பூசி மறைக்கப்படாமல் மரமாகவே தெரிகின்றன.

மரம் என்றால் தீப்பிடிக்காதா என்று கேட்பீர்கள். பலகைகளை அடுக்கடுக்காக ஒட்டிச் செய்த தடித்த மரம் அது. தீப்பட்டால் வெளிப்புறம் கரியாகும். அந்தக் கரியே உள்மரத்தைச் சிறிது நேரம் காக்கும். தொழிற்சாலையில் அளவாக வெட்டிக் கொண்டுவந்து இங்கே பூட்டுவதால் வேலை விரைவாகவும் தூசியில்லாமலும் நடக்கிறது.

ஆனால் அந்த மரம் ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வந்தது. மரத்துக்கு நடுவே பிறந்து வளர்ந்த நமக்கு இங்கே ஒரு கேள்வி எழுகிறது. ஒரு காலத்தில், பால் வற்றிய ரப்பர் மரம் விறகுக்குத்தான் லாயக்கு என்றோம். பூச்சியும் பூஞ்சையும் அண்டாமல் பதப்படுத்தும் முறை வந்த பிறகு, அதே மரத்தில் மலேசியா மேசை நாற்காலி செய்து உலகெங்கும் விற்கிறது. நம் மண்ணின் மரங்களை இப்படிப் பெரிய கட்டடங்களுக்கும் பக்குவப்படுத்த முடியுமா? இந்த வேலை, இன்று அறிவியல் படிக்கும் நம் பிள்ளைகளில் ஒருவருக்குக் காத்திருக்கலாம்.

பொருந்தியதா, இல்லையா?

தேன்கூட்டைப் பழைய நிர்வாகக் கட்டடத்தோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால், முகச்சாயல் எதுவும் இல்லை. சீனக் கூரை இல்லை, ஓடு இல்லை. பிறகு எப்படிப் பொருந்துகிறது என்கிறோம்?

அந்த மண்ணுக்குக் கொடுத்தவர்கள் விட்டுப்போன சொத்து எது என்று கேளுங்கள். குன்று, காற்று, மரநிழல் ஆகியவை ஒரு பங்கு. "கூலிக்காரன் பிள்ளைக்கும் படிப்பு" என்ற எண்ணம் மறுபங்கு. புல்கூரைக் கட்டடம் முதல் பங்கைக் காப்பாற்றியது. கடைசி வரிசையே இல்லாத வகுப்பறை இரண்டாவது பங்கைக் காப்பாற்றுகிறது. டிரைஷா மிதித்த அந்த மனிதர் இன்று வந்து பார்த்தால், தொப்பி போல் கவிழ்த்த போலிக் கூரையைவிட இந்த அறையைத்தான் "என் காசில் விளைந்தது" என்று அடையாளம் கண்டுகொள்வார்.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். கட்டடம் எவ்வளவு நன்றாயிருந்தாலும், யார் கொடுத்த காசில் அந்த மண் பண்பட்டது என்பதை அது தானாகச் சொல்லாது. 1955 என்று ஆண்டு பொறித்த பழைய நுழைவாயில் தோரணத்தைப் பாருங்கள். வளாகத்தின் எல்லை சுருங்கியதால், அது இன்று விரைவுச்சாலைக்கு அப்பால், ஜூரோங் வெஸ்ட் குடியிருப்புகளுக்கு நடுவே தனியாக நிற்கிறது. வளாகத்துக்குள் யுன்னான் தோட்டத்தில் இருப்பது அதன் மறுபதிப்பு. வாசல் ஓரிடம், வீடு ஓரிடம்! புதிய வகுப்பறையில் படிக்கிற பிள்ளைக்குப் பழைய வாசலின் கதையை யாராவது வாய்விட்டுச் சொல்லத்தான் வேண்டும்.

நம் ஊரில் கட்டும்போது

பள்ளி வாரியத்திலோ கோயில் நிருவாகத்திலோ நீங்கள் பொறுப்பில் இருக்கலாம். புதிய கட்டடத்தின் வரைபடம் உங்கள் மேசைக்கு வந்தால், கையெழுத்துப் போடுமுன் இந்த ஐந்து கேள்விகளைக் கேளுங்கள்.

1. இந்த மனையில் காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது? புதிய சுவர் அதை மறிக்குமா?

2. பழைய மரம் எதையாவது வெட்ட வேண்டுமா? கட்டடத்தைப் பத்தடி தள்ளிப் போட்டால் அது பிழைக்குமா?

3. பழைய கட்டடத்தின் முகத்தை இது மறைக்கிறதா? வாசலிலிருந்து பார்த்தால் முன்போல அது தெரியுமா?

4. பழையதிலிருந்து புதியதற்கு மழையில் நனையாமல் பிள்ளைகள் போக முடியுமா?

5. முன்பு கொடுத்தவர்களின் பெயர்க்கல் எங்கே போகப் போகிறது? புதிய சுவரில் அதற்கு இடம் உண்டா?

இந்தக் கேள்விகளைக் கேட்க இன்ஜினியர் பட்டம் வேண்டாம். வரைபடம் தாளில் இருக்கும்போது கேட்டால் செலவும் இல்லை. சுவர் எழும்பிய பிறகு கேட்டால் பலனும் இல்லை.

சிங்கப்பூருக்குப் போகும் வாய்ப்புக் கிடைத்தால், மிருகக்காட்சி சாலையையும் கடைத்தெருவையும் பார்த்த பிறகு, ஒரு அரை நாளை ஜூரோங்குக்கு ஒதுக்குங்கள். பிள்ளைகளையும் அழைத்துப் போங்கள். முதலில் அந்தப் பழைய தோரணத்தைக் காட்டி, டிரைஷாக்காரரின் கதையையும் "தமிழ் எங்கள் உயிர்" நிதிக்குப் போன ஒற்றை வெள்ளியின் கதையையும் சொல்லுங்கள். பிறகு தேன்கூட்டின் நடுமுற்றத்தில் நிறுத்தி, அண்ணாந்து பார்க்கச் சொல்லுங்கள்.